கள்வனுக்கும் மாண்பு உண்டோ?

1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் விருத்தாசலத்தை அடுத்த முதனைக் கிராமத்தில் நடந்ததை இன்று அறியாதார் குறைவு. ஒரு வீட்டில் நகை களவு போயிற்று. குறவர் இனத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியின்மேல் ஐயம் விழுந்தது. அவரைத் தேடி வந்த காவலர்கள் அவர் மனைவியையும் உறவினரையும் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அவரும் பிடிபட்டார். நிலையத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கைதி தப்பியோடிவிட்டான் என்று காவல்துறை சொல்லிற்று. அவர் உடலோ அண்டை மாவட்டத்தில் அடையாளம் தெரியாத சடலமாகக் கிடந்தது.

அவர் மனைவி பார்வதி எழுத்தறியாத ஏழைப் பெண். மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் அவருக்குத் துணை நின்றனர். வழக்கறிஞர் கே. சந்துரு, பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியானவர், அவருக்காக ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். பதின்மூன்று ஆண்டுகள் உருண்டோடின. 2006ஆம் ஆண்டு காவலர் ஐவருக்கு ஆயுள் தண்டனை உறுதியாயிற்று.

இந்நிகழ்வைத் தழுவி எடுக்கப்பட்ட 'ஜெய் பீம்' திரைப்படம் 2021 நவம்பரில் வெளிவந்தது. இலட்சக்கணக்கானோர் கண் கலங்கினர். நம் வட்டாரத்திலேயே, கம்மாபுரம் வழியாக நாள்தோறும் பேருந்தில் போய் வருவோர்கூட, "இது நம்ம ஊர்லயா நடந்தது?" என்று வியந்து கேட்டதைக் கேட்டோம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு சிறு வட்டத்தாரின் கவலையாக மட்டும் இருந்த ஒரு மரணம், திரையில் தோன்றியபின் எல்லாருடைய துயரமும் ஆயிற்று.

இதில் நாம் மகிழ வேண்டியதும் உண்டு. ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதும் உண்டு. காவலில் ஒருவர் அடிபட்டுச் சாகும்போது மக்கள் மனம் சில வேளைகளில் கொதித்தெழுகிறது. சில வேளைகளில் கண்டும் காணாமல் போகிறது. சில வேளைகளில் கைதட்டவும் செய்கிறது. அடி ஒன்றுதான்; உயிர் ஒன்றுதான். நம் உள்ளம் மட்டும் ஏன் வேறு வேறு விதமாகப் பதில் தருகிறது? இவ்வேறுபாட்டுக்கு அறம் இடம் தருமா? இதுவே இக்கட்டுரையின் வினா.

தொலைவில் மலிவாகும் இரக்கம்

2020 மே 25ஆம் நாள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பின மனிதரின் கழுத்தின்மேல் ஒரு வெள்ளைக் காவலர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். மூச்சுவிட முடியவில்லை என்று கெஞ்சிய மனிதர் மாண்டார். காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கை அதை உடல்நலக் கோளாறால் நேர்ந்த சம்பவம் போலவே சொல்லிற்று. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் பதிவு செய்த காட்சியே உண்மையை உலகறியச் செய்தது. கண்டங்கள் தாண்டி மக்கள் வீதிக்கு வந்தனர். எல் பாசோ மறைமாவட்ட ஆயர் மார்க் சைட்ஸ் தம் குருக்களுடன் பூங்காவில் மண்டியிட்டு வேண்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் ஜூன் 3ஆம் நாள் பொது மறைக்கல்வி உரையில் இனவெறியைக் கண்டும் காணாமல் இருத்தல் ஆகாது என்று அறிவுறுத்தினார். வன்முறையால் எதையும் ஈட்ட முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். இந்தியாவிலும் திரைக் கலைஞர் முதல் கல்லூரி மாணவர் வரை பலரும் பிளாய்டுக்காகக் குரல் கொடுத்தனர்.

அடுத்த மாதமே நம் தமிழகத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்று கூறி, ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் ஜூன் 19ஆம் நாள் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஜூன் 22இல் மகனும் 23இல் தந்தையும் இறந்தனர். தரையில் உருண்டு புரண்டதால் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கூறிற்று. தமிழகம் கொதித்தது. வணிகர்கள் கடையடைத்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை அஞ்சாமல் நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்னார். மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக் குற்றச்சாட்டுச் சுமத்தியது.

இக்கொதிப்புகளை நாம் குறை கூறவில்லை. இரக்கம் எங்கேயாவது ஓரிடத்தில்தான் தொடங்கும். தம்மைப் போன்றவருக்கு நேர்ந்ததைக் கண்டு முதலில் நெஞ்சம் பதைப்பது மனித இயல்பு. தூய தோமா அக்குவினாசும் அன்புக்கு ஒரு வரிசை உண்டு என்றே கற்பிக்கிறார்: நமக்கு மிக நெருங்கியவர்க்கு நாம் கடன்பட்டிருப்பது மிகுதி. அவ்வரிசைப்படி பார்த்தால் விருத்தாசலத்தில் வாழும் நமக்கு மினியாபொலிசைவிட முதனை அல்லவா அருகில் இருக்கிறது? தொலைவில் உள்ளவருக்காக எளிதில் உருகும் உள்ளம், பக்கத்தில் உள்ளவருக்காக உருகத் தயங்குவது ஏன்?

விடை கடினமானதன்று. தொலைவில் நிகழும் அநீதி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. மினியாபொலிசின் காவலர் நம் உறவினர் அல்லர். அந்நகரத்து நீதிமன்றத்தில் நாம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு அக்காவல் நிலையத்தில் நமக்கு ஒரு காரியம் ஆக வேண்டியதும் இல்லை. பக்கத்து ஊரில் நிகழ்வது அப்படியன்று. அடித்தவர் நம் சாதிக்காரராக இருக்கலாம், நம் கடை வாடிக்கையாளராக இருக்கலாம், நம் ஆலயத் திருவிழாவுக்குப் பாதுகாப்புத் தந்தவராகவும் இருக்கலாம். அடிபட்டவரோ நாம் வீட்டுக்குள் சேர்க்காதவராக இருக்கலாம். இங்கே இரங்குவதற்கு விலை உண்டு. எனவே தொலைவு இரக்கத்தை மலிவாக்குகிறது; அண்மை அதன் விலையைக் கூட்டுகிறது.

நம் ஊர்ச் சூளைகளில் பொம்மைகளோடும் கோப்பைகளோடும், மின்சாரப் பலகையில் பொருத்தும் பியூஸ் கேரியர்களும் வேகின்றன. கம்பியில் பாயும் மின்சாரம் தொடுவோர் கையில் ஏறாதபடி தடுப்பது பீங்கானின் பணி. உள்ளத்துக்கும் மனிதர் இத்தகைய பீங்கான் செய்து வைத்துக்கொள்கின்றனர். "அவன் என்ன செய்தானோ, யாருக்குத் தெரியும்?" என்பது ஒரு பீங்கான். "அந்தச் சாதியே அப்படித்தான்" என்பது மற்றொன்று. "நமக்கேன் வம்பு?" என்பது மூன்றாவது. பிறர் துயரத்தின் மின்சாரம் நம்மேல் பாயாமல் இவை காக்கின்றன. மின்கம்பத்துக்கு இது நன்மை. மனித உள்ளத்துக்கு இது மரணம்.

நல்ல சமாரியர் உவமையில் இயேசு செய்த மாற்றத்தை இங்கே நினைவுகூர்வோம். எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று சட்ட அறிஞர் வினவினார். எல்லையை எங்கே போடுவது என்பதே அவர் அறிய விரும்பியது. அடிபட்டுக் கிடந்தவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் யார் என்று இயேசு அதைத் திருப்பிக் கேட்டார். அடிபட்டவர் யார், எந்த இனம், நல்லவரா கெட்டவரா என்று அவ்வுவமை சொல்லவே இல்லை.

பூமாரி பொழிந்த கைகள்

சாத்தான்குளத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2019 திசம்பர் 6ஆம் நாள் ஐதராபாத்துக்கு அருகே நடந்ததையும் பார்ப்போம். இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கொடுமையாகக் கெடுத்துக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் விடியற்காலையில் சுட்டுக் கொன்றனர். மக்கள் திரண்டு வந்து காவலர்மேல் பூக்களைத் தூவினர். பின்னர் உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அந்நால்வரும் கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டனர் என்று 2022இல் முடிவு கூறிற்று.

பூத்தூவிய கைகளும் ஆறு மாதங்கழித்துச் சாத்தான்குளத்துக்காக மெழுகுவர்த்தி ஏந்திய கைகளும் ஒரே சமூகத்தின் கைகளே. அச்சமூகத்தின் உள்ளத்தில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது: நல்லவனை அடித்தால் கொடுமை, கெட்டவனை அடித்தால் நீதி. இச்சட்டத்தின்படி அடி தவறன்று. அடி விழுந்த முதுகுதான் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நம் திரைப்படங்கள் பலவும் இச்சட்டத்தையே கற்பிக்கின்றன. ஒரே கதாநாயகன் ஒரு படத்தில் காவல் வன்முறையை எதிர்க்கும் வழக்கறிஞராக வருகிறான்; வேறொரு படத்தில் கைதியை நையப் புடைக்கும் காவல் அதிகாரியாக வருகிறான். இரண்டுக்கும் அரங்கில் கைதட்டல் ஒன்றுபோலவே எழுகிறது.

அவன் திருடியிருந்தால்?

இவ்விடத்தில்தான் நம் வினாவின் முள் இருக்கிறது. இராசாக்கண்ணுவுக்காக இன்று அழுகிறவர் பலரும் அவர் குற்றமற்றவர் என்பதால் அழுகின்றனர். ஜெயராஜும் பென்னிக்சும் நேர்மையான வணிகர் என்பதால் நாடு அழுதது. ஒருவேளை அவர்கள் குற்றவாளிகளாக இருந்திருந்தால்? அந்த நகையை உண்மையிலேயே எடுத்த ஒருவன் அதே காவல் நிலையத்தில் அதே அடியை வாங்கி இறந்திருந்தால்? நம் கண்ணீர் வந்திருக்குமா? வந்திருக்காது எனில், நாம் இதுவரை அழுதது மனித மாண்புக்காகவா, நற்சான்றிதழுக்காகவா?

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கோவலனும் நகைக்களவுப் பழி சுமத்தப்பட்டு, விசாரணையின்றிக் கொல்லப்பட்டவனே. கண்ணகி அரசவையில் தன் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். கோவலன் கள்வன் அல்லன் என்பது தெளிவாயிற்று. பாண்டியன் உயிர் துறந்தான். நாம் இக்கதையைப் போற்றுகிறோம். ஆனால் பாண்டியன் செய்த பிழை எது? குற்றமற்றவனைக் கொன்றது மட்டுமா? பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், தீர விசாரியாது கொலைக்கு ஆணையிட்டதே முதற்பிழை. சிலம்பிலிருந்து முத்தே சிதறியிருந்தாலும் அப்பிழை பிழையாகவே நின்றிருக்கும். செங்கோல் வளைந்த நேரம், ஆராயாத ஆணை பிறந்த நேரமே.

விவிலியம் இதைவிடவும் ஆழமாகச் செல்கிறது. காயின் குற்றமற்றவன் அல்லன். தன் தம்பியைக் கொன்றவன். கண்டவர் எவரும் தன்னைக் கொல்வர் என்று அவன் அஞ்சியபோது, கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் இட்டார். அது காப்பின் அடையாளம். கொலைகாரனுக்கும் கடவுள் வேலியிட்டார் என்பதைத் தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்திலேயே படிக்கிறோம். கல்வாரியிலோ, தான் குற்றவாளியே என்று தானே ஒப்புக்கொண்ட ஒருவனுக்குத்தான் பேரின்ப வீட்டின் வாக்குறுதி முதலில் கிடைத்தது. மனித மாண்பு நல்லொழுக்கத்துக்குத் தரப்படும் பரிசன்று. அது படைத்தவர் இட்ட சாயல். களவு அதை மறைக்கலாம், அழிக்க இயலாது.

இதனால் குற்றவாளிக்குத் தண்டனை வேண்டா என்று சொல்கிறோமா? இல்லை. களவுக்குத் தண்டனை உண்டு. அதை விசாரணைக்குப்பின் நீதிபதி தருவார், சட்டம் அளவிடும், மேல்முறையீடு இருக்கும். காவல் நிலையத்து அடியோ தீர்ப்புக்குமுன் நிறைவேறும் தண்டனை, அளவில்லாதது, தவறென்று தெரிந்தபின் திரும்பப் பெற முடியாதது. முன்னது குற்றவாளியையும் பொறுப்புள்ள மனிதனாக மதிக்கிறது. பின்னது அவனை வெறும் சதைப் பிண்டமாக்குகிறது.

பிலாத்துவின் தீர்ப்பைக் கவனியுங்கள். இயேசுவிடம் குற்றம் காணவில்லை என்கிறார். உடனே, ஆகவே இவரைத் தண்டித்து விடுவிப்பேன் என்கிறார். லூக்கா நற்செய்தியில் இதைப் படிக்கும்போது அந்த 'ஆகவே' நம்மைத் திகைக்க வைக்க வேண்டும். குற்றமில்லை என்றால் கசையடி எதற்கு? வெளியே கூச்சலிடும் கூட்டத்தை அமைதிப்படுத்துவதற்கு! காவல் நிலையங்களில் விழும் அடிகளில் எத்தனை உண்மையைத் தேடி விழுகின்றன, எத்தனை கூட்டத்தின் கூச்சலுக்குப் பதிலாக விழுகின்றன என்பதைச் சிந்திப்போம்.

பிறவிக் கள்வர் என்ற பொய்

இராசாக்கண்ணுவின்மேல் ஐயம் விழுந்ததற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதப்பட்டன. நம் வேப்பூர்ப் பகுதியின் பெயராலேயே அறியப்பட்ட பறையர் பிரிவு ஒன்றும் அப்பட்டியலுக்குத் தப்பவில்லை. கைரேகை வைத்தல், குறித்த நேரத்தில் நிலையத்தில் தலை காட்டுதல், ஊர் தாண்ட அனுமதி பெறுதல் என்று அம்மக்களின் நாள்கள் கழிந்தன. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்த கள்ளர் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடெங்கும் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. ஏட்டிலிருந்து போன பெயர் நெஞ்சிலிருந்து போயிற்றா?

அமெரிக்காவில் நிறம் செய்யும் வேலையை இங்கே பிறப்பு செய்கிறது. அங்கே கறுப்புத் தோலைக் கண்டதும் ஆபத்து என்று காவலரின் கை துப்பாக்கிக்குப் போகிறது. இங்கே நகை காணவில்லை என்றதும் குறவர் குடிசைக்கு வண்டி போகிறது. இரண்டிலும் முதலில் சந்தேகிக்கப்படுவது செயலன்று, பிறப்பு. 'ஜெய் பீம்' வந்தபோதும் பேச்சு எங்கே போயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டி எந்தச் சாதியைக் குறிக்கிறது என்ற சச்சரவு சில வாரங்கள் ஓங்கி ஒலித்தது. அடித்துக் கொல்லப்பட்ட மனிதர் அச்சச்சரவின் இரைச்சலில் இரண்டாம் முறை காணாமற் போனார். அடித்தவரின் சாதியைப் பழிப்பதும், அடிபட்டவரின் சாதியைப் பழிப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். பாவத்துக்குப் பெயர் உண்டு, சாதி இல்லை.

அடித்தால் உண்மை வருமா?

"அடியாத மாடு படியாது" என்பது பழமொழி. மாட்டுக்கே அது எவ்வளவு பொருந்தும் என்பது ஐயம். மனிதனுக்கு அதைப் பொருத்துவது பெரும் பிழை. அடிபடுகிறவன் உண்மையைச் சொல்வதில்லை. அடிப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்கிறான். இதை ஆங்கிலேயர் காலத்துச் சட்டமே அறிந்திருந்தது. காவலரிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சான்றாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. இன்றைய புதிய சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. அதற்கும் முன்பு, 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்க அமைந்த ஆணையம், வரி தண்டுவதற்கும் வாக்குமூலம் வாங்குவதற்கும் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்த கொடுமையைப் பதிவு செய்தது. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக நாடறிந்த தீமை இது.

திருச்சபையின் வரலாற்றையும் மறைக்காமல் பேசுவோம். 866இல் பல்கேரிய மக்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், வதைத்து வாக்குமூலம் பெறுவதை இறைச்சட்டத்துக்கும் மனிதச் சட்டத்துக்கும் முரணானது என்று கண்டித்தார். ஆயினும் 1252இல் திருத்தந்தை நான்காம் இன்னோசென்ட் தப்பறைக்காரரை விசாரிக்க வதையை அனுமதித்தார். அவ்வழக்கங்கள் மனித உரிமைக்கு ஒவ்வாதவை என்று இன்றைய மறைக்கல்வி ஏடு வெளிப்படையாகவே கூறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் உடலையும் உள்ளத்தையும் வதைப்பதை மனித வாழ்வை நஞ்சாக்கும் இழிசெயல்களின் வரிசையில் வைக்கிறது. அவ்விழிவு தாங்குவோரைவிடச் செய்வோரையே மிகுதியாகக் கறைப்படுத்துகிறது என்றும் கற்பிக்கிறது. ஆகவே அடிபடுபவனுக்காக மட்டும் நாம் இதை எதிர்க்கவில்லை. இலத்தியை ஓங்கும் அந்த இளைஞனின் ஆன்மாவுக்காகவும் எதிர்க்கிறோம். அவனும் ஒரு தாயின் மகன், பல வேளைகளில் ஒரு ஞாயிறு திருப்பலிக்கு வந்து போகிறவன், ஓய்வின்றி உழைப்பவன், "நாளைக்குள் நகை வர வேண்டும்" என்ற மேலிடத்து நெருக்குதலைச் சுமப்பவன்.

எதிர்ப்பும் அறமே

அடியை அமைதியாக ஏற்பதுதானே கிறித்தவம் என்று சிலர் வினவுவர். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவர், தம்மையே ஒரு காவலன் அறைந்தபோது என்ன செய்தார்? தலைமைக் குருவின் இல்லத்தில் நடந்த அந்நிகழ்வை யோவான் எழுதியுள்ளார். இயேசு திருப்பி அடிக்கவில்லை; வாய் மூடவும் இல்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதை மெய்ப்பிக்கட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்க வேண்டும் என்று காரணம் கேட்டார். காவலில் இருப்பவனை அடிக்கும் ஒவ்வொரு கைக்கும் முன்னால் இன்றும் நிற்கும் வினா இதுவே.

பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டனர். மறுநாள் ஓசையின்றிப் போய்விடுங்கள் என்று நடுவர்கள் சொல்லியனுப்பினர். பவுல் மறுத்தார். வெளிப்படையாக அடித்தவர்கள் வெளிப்படையாகவே வந்து தங்களை அழைத்துச் செல்லட்டும் என்றார். அவர் வேண்டியது பழிவாங்கலன்று. நடந்தது அநீதி என்று ஊரறிய ஒப்புக்கொள்ளும் உண்மையை வேண்டினார். நீதிக்கான எதிர்ப்பின் இலக்கணம் இவ்விரு காட்சிகளிலும் அடங்கியுள்ளது: கை ஓங்காமை, வாய் மூடாமை.

எதிர்ப்பு எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கும் நம் காப்பியமே சான்று. கண்ணகியின் நியாயமான சினத்தில் மதுரை எரிந்தது. அதன்பின் கொற்கையில் இருந்த இளவல் வெற்றிவேற் செழியன், ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் இனமே பலி! குற்றப் பரம்பரைச் சட்டத்தின் தத்துவமும் இதுவேயன்றோ? மினியாபொலிசில் நீதி கேட்டு எழுந்த கூட்டத்தின் ஒரு பகுதி காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. நீதியைத் தந்ததோ அத்தீயன்று. ஒரு சிறுமியின் பதிவும், சாட்சிகளின் துணிவும், நீதிமன்றமுமே 2021இல் அக்காவலரைக் குற்றவாளியாகத் தீர்த்தன. முதனையிலும் அப்படியே. ஒரு மனைவியின் விடாப்பிடியும், தோழர்களின் துணையும், வழக்கறிஞரின் உழைப்பும், உண்மையை மறைக்காத உயர் காவல் அதிகாரி ஒருவரின் விசாரணையும் சேர்ந்தே பலன் தந்தன.

நம் வீட்டு நகை காணாமற் போனால்

இத்தனைக்குப் பிறகும் கதை முடியவில்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் கோயிலின் காவலாளியான அஜித்குமார் என்ற இளைஞர், பக்தர் ஒருவரின் நகை காணாமற் போனது குறித்த விசாரணையில் அடிபட்டு உயிர் துறந்தார். மறுபடியும் ஒரு நகை. மறுபடியும் ஒரு சடலம். கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை 1996இலேயே தி.கு. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்துவிட்டது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் வேண்டும் என்று 2020இல் ஆணையிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்ட நம் நாடு அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் ஓரளவு இருக்கிறது. அதைத் தாங்கும் மனச்சான்று போதவில்லை.

அன்பான இறைமக்களே, களவு கொடுத்தவரின் வேதனையை நாம் சிறிதாக எண்ணவில்லை. நம் ஏழைத் தாய்மார்க்கு நாலு பவுன் என்பது வாழ்நாள் உழைப்பு, மகளின் திருமணம், மருத்துவச் செலவுக்கு இருக்கும் ஒரே துணை. அவர்களுக்கும் நீதி வேண்டும். அகப்பட்டவனை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால் உண்மையான கள்வன் நிம்மதியாக உறங்குவான் என்பதே அவர்களும் அறிய வேண்டிய உண்மை.

வருந்தத்தக்கது யாதெனில், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது நல்லவர்களே, "நாலு தட்டுத் தட்டுங்க ஐயா, தானா கக்குவான்" என்று சொல்லிவிடுகின்றனர். வேலைக்காரப் பெண்ணின் பெயரையும், பக்கத்துக் குடிசைக்காரரின் பெயரையும் சான்று ஏதுமின்றிச் சொல்லி வருகின்றனர். இலத்தி காவலர் கையில் இருக்கிறது. அதை ஓங்கச் சொன்ன வாய் பல வேளைகளில் குடிமக்களின் வாய். பிலாத்துவை நாம் நம்பிக்கை அறிக்கையில் வாரந்தோறும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம். முற்றத்தில் நின்று கூச்சலிட்ட கூட்டத்துக்குப் பெயரில்லை. அக்கூட்டத்தில் எவரும் சேரலாம்.

சில எளிய கடமைகள் நம் கைக்கு எட்டியவையே. நம் தெருவிலிருந்து ஒருவரைக் காவலர் அழைத்துச் சென்றால், அவர் எச்சாதியாராயினும், எம்மறையினராயினும், உடன் சென்று எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நாலு பேர் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் அவரை நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதை நம் பங்கின் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். நம்மிடையே காவல் பணியில் இருப்போர், அடிக்க மறுப்பது கோழைத்தனமன்று, திருமுழுக்கின் வாக்குறுதி என்று உணர வேண்டும். மனம் உடைந்த குடும்பத்துக்குச் சாட்சி சொல்லும் துணிவு நம் செபத்தில் கேட்கப்பட வேண்டும்.

நாளைக்கு நம் வீட்டிலேயே நகை காணாமற் போகலாம். நாமும் நிலையத்துக்குப் போவோம். புகார் எழுதிக் கொடுப்போம். அப்போது இன்னும் ஒரு வாக்கியத்தை வாய் திறந்து சொல்லிவிட்டு வருவோமாக: "ஐயா, நகையைத் தேடுங்கள், ஆனால் என் பேரால் எவரையும் அடிக்க வேண்டாம்." சந்தேகத்துக்குரியவன் நல்லவனா கெட்டவனா என்று நமக்குத் தெரியாத அந்த நேரத்தில் சொல்லப்படும் அச்சொல்லே, மனித மாண்பில் நாம் உண்மையாகவே நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்பதற்குச் சான்று.